ஜூலை மாதத்துச் சீனி

பிப்ரவரி கடைசியில் ஊருக்குப் போனால் முதல் வேலை காதுக்குத்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, விளை வழியாக நடந்தால், ரப்பர் மரங்களின் உச்சியில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடுகிறது என்று தோன்றும். மோட்டார் இல்லை, தேனீக்கள். டிசம்பர், ஜனவரியில் இலையெல்லாம் கொட்டி, மரம் புதுத் தளிர் விட்டிருக்கும் நேரம் அது. ரப்பருக்கு மூன்று மூன்று இலை. அந்த மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு கசியும். தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. மார்த்தாண்டம் தேன் என்று நீங்கள் வாங்கும் பாட்டிலில் பாதிக்கு மேல் பூவையே பார்க்காத தேனாக இருக்கலாம். இலைத் தேன்.

இந்தத் தடவை நேராக மாமி வீட்டுக்குப் போனேன். முற்றத்தின் ஓரத்தில், பலா மரத்து நிழலில், வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒற்றைக்கால் மேல் நிற்கிறது. எறும்பு ஏறாமல் இருக்கக் காலைச் சுற்றி ஒரு சிரட்டையில் தண்ணீர். மாமி நைட்டிக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் புகைகிற தேங்காய்க் கதம்பையோடு வந்தாள். முகமூடியெல்லாம் கிடையாது. மூடியைத் திறந்து இரண்டு ஊது. தேனீக்கள் சத்தம் மாறி அடியில் இறங்கின. மேல் அறையிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து, மேலே ஒட்டியிருந்த ஈக்களை ஒரே உதறலில் பெட்டிக்குள்ளேயே உதறினாள். வெள்ளை மெழுகு மூடிய தேனடை. கொதிநீரில் முக்கிய கத்தியால் அந்த மூடியை மட்டும் தோல் சீவுகிற மாதிரி சீவினாள். நாலு சட்டத்தை டிரம்முக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னாள். நான் சுற்றினேன். தேன் தெறித்து டிரம் சுவரில் மழை மாதிரி சத்தம் போட்டது.

"பதுக்கச் சுத்து பிள்ளே, அடை ஒடஞ்சிரும்" என்றாள்.

அந்த அடை உடையக் கூடாது என்பதில்தான் நூறு வருஷக் கதை இருக்கிறது.

கொஞ்ச நாளாக இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், எங்கள் மாவட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "உங்க ஊருக்கென்ன, மிஷன்காரன் எல்லாத்தையும் குடுத்துட்டுப் போயிட்டான்." எனக்குக் கோபம் வரும். ஆனால் என்ன பதில் சொல்வது என்று தெரியாது. கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் கொடுத்ததில் பாதி இன்று இல்லை. எது நின்றது, எது போனது என்று பார்த்தால் எனக்கு ஒரு ஒழுங்கு தெரிகிற மாதிரி இருக்கிறது. என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் தேன். நம் ஊரில் தேனீ இல்லாமலா இருந்தது? சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் கூடு வைக்கிற அடுக்குத் தேனீ எப்போதும் உண்டு. ஆனால் தேன் எடுப்பது என்றால் பொந்தைப் பிளந்து, தீ காட்டி, அடையைப் பிய்த்துப் பிழிவது. புழுவும் முட்டையும் சேர்ந்து நசுங்கும். கூட்டம் பறந்து போய்விடும். ஒரு கூட்டம், ஒரு தடவை, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்களின் தேன்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் அது நம் ஈக்குப் பெரிது. நம்முடையது உருவத்தில் சிறியது, கூட்டமும் சிறியது. 1911-க்கும் 1917-க்கும் இடையே நியூட்டன் என்ற பாதிரியார் இந்தத் தேனீயின் அளவுக்கு ஏற்ற சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து தென்னாட்டில் கிராமத்தாருக்குப் பழக்கிக் கொடுத்தார். அடியில் ஏழு சட்டங்களோடு புழு அறை, மேலே தேன் அறை. இன்றைக்கும் அதன் பெயர் நியூட்டன் பெட்டிதான். மேல் அறையில் மட்டும் கை வைத்தால் போதும். கீழே ராணியும் குஞ்சுகளும் தங்கள் பாட்டுக்கு இருக்கும். சுற்றி எடுத்தால் காலி அடையைத் திரும்ப வைக்கலாம், ஈ மறுபடி நிரப்பும்.

அப்புறம் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் மார்த்தாண்டத்தில் ஊரக மையம் ஒன்றைத் தொடங்கியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்தினார், அவர் மனைவி எமிலியும் கூட. அதற்கு முன்பே அந்த இயக்கத்தைக் கிராமத்துப் பக்கம் திருப்பியவர் சேலத்துக்காரரான கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளராக ஆன முதல் இந்தியர். பிரசங்கத்தோடு கடன் சங்கமும் வேண்டும் என்று கண்டவர் அவர். ஹாட்ச் கொண்டிருந்த கொள்கையைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: அவனவன் தன் காலில் நிற்க வேண்டும், விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தன் காலில் நில் என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. பக்கத்தில் நிற்பதற்குத்தான் ஆள் வேண்டும், வருஷக்கணக்கில்.

எங்கள் பாட்டா, அதாவது தாத்தா, அந்த மையத்தில் படித்தவர். படித்தவர் என்றால் வகுப்பில் உட்கார்ந்து அல்ல. பதினோரு, பன்னிரண்டு வயதில் பனையேறிக் குடும்பத்துப் பையனாக அங்கே வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். "சாயிப்பு வந்திருக்காருன்னு பாக்கப் போனேன், சாயிப்பு கோழிக்கூட்ட நோண்டிக்கிட்டு நின்னாரு" என்பார். அவருக்குப் பெட்டி சொல்லிக் கொடுத்தவர் சாயிப்பு இல்லை, மையத்திலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு தமிழ் வாத்தியார். அவர் பெயரைப் பாட்டா கடைசிவரை சொல்லவில்லை, "சைக்கிள் சார்" என்பதோடு சரி. சைக்கிள் சார் முதல் தடவை வந்து பெட்டி வைத்தார். எட்டாம் நாள் வந்து திறந்து பார்த்தார். மழைக்காலத்தில் வந்து சீனிப்பாகு வைத்தார். கூட்டம் பிரிந்து பறந்த அன்று ஆள் அனுப்பிக் கூப்பிட, வந்து மாமரக் கொம்பில் தொங்கிய கொத்தைப் பையில் பிடித்துக் கொடுத்தார். மூன்றாம் வருஷம்தான் "இனி நீயே பாத்துக்கோ" என்றாராம். பாட்டா இதைச் சொல்லும்போதெல்லாம் "மூணு வருஷம்" என்று மூன்று விரலைக் காட்டுவார்.

அந்த மையத்தைப் பற்றி எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், கிராமத்தான் தன் கைக்காசில் செய்துகொள்ள முடியாத எதையும் காட்டக் கூடாது என்ற பிடிவாதம். பெரிய கட்டடம் இல்லை. கோழி, ஆடு, தேனீ, கருப்பட்டி, நெசவு. எல்லா மதத்துக்காரரும் வரலாம். முட்டைக்குக்கூட ஒரு விற்பனைச் சங்கம் வைத்தார்கள். சிரிக்காதீர்கள். ஒரு வீட்டில் நாலு முட்டை, இன்னொரு வீட்டில் ஆறு முட்டை என்று இருந்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, பெரிது சிறிது தரம் பிரித்து, கெட்டதைத் தள்ளி அனுப்பினால் விலை சொல்வது நீங்கள். தேனுக்கும் அதே வழிதான். 1930-களில் தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாட்டா ஞாயிறு தவிர எந்த நாளும் அங்கே தேனைக் கொண்டுபோய் அளந்துவிட்டு, ரசீதை மடித்துப் பைபிளுக்குள் வைப்பார். சங்கீதப் பக்கங்கள் எல்லாம் அங்கங்கே பிசுபிசு என்று ஒட்டியிருக்கும்.

இதற்கும் நூறு வருஷம் முன்னால் லேஸ் இருந்தது. லண்டன் மிஷனின் சார்ல்ஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குத் திண்டில் ஊசிகுத்தி நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸைச் சொல்லிக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன், லேஸ் பின்னிய கூலியில் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள். மார்த்தாவின் மகள் எலைசா, கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடப் போனது. என் அம்மாவின் அம்மாவுக்கு இந்தக் கை இருந்தது. அவர் பின்னிய மேசைவிரிப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, யாரும் அதன்மேல் டம்ளர் வைக்கக் கூடாது. ஆனால் அம்மாவுக்குப் பின்னத் தெரியாது. கலை போய்விட்டது என்று நான் ஒப்பாரி வைக்க மாட்டேன். வாங்குகிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம், விலை சொல்கிறவர்களும் அங்கேதான். பின்னுகிற கைக்கு அந்தச் சந்தை என்னவென்றே தெரியாது. அம்மா டீச்சர் வேலைக்குப் போனார், பாட்டி ஒரு நாளும் அதற்கு வருத்தப்படவில்லை.

சரி, மிஷன்காரர்கள் கொடுத்ததை மட்டும் சொன்னால் கதை ஒருபக்கமாகிவிடும். எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு மண்கலயம் இருந்தது, பிடியரிசிக் கலயம். உலை வைக்க அரிசி அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் பக்கத்தில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். மரச்சீனிக் கிழங்கு மட்டும் வெந்த நாட்களில்கூட அம்மச்சி கலயத்தைச் சும்மா விட மாட்டார், ஒரு துண்டு வாட்டுக்கிழங்கைப் போடுவார். அந்த அரிசியிலும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூவன்குலைக்கு மூன்று மடங்கு விலை ஏற்றிவிட்டுச் சிரிக்கிற மாமாக்களின் காசிலும்தான் இந்த ஊரின் பாதிப் பள்ளிக்கூடங்களுக்குக் கூரை வந்தது. அய்யா வைகுண்டரைக் கும்பிடுகிற சாமித்தோப்பு வழி நிழல் தாங்கல்களுக்குப் போனால் அங்கேயும் இதேதான். வீடுவீடாக வந்த அரிசி, ஒரே பானை, ஒரே வரிசை. வெளிநாட்டுக் காசு ஒன்றும் அதில் இல்லை. இல்லாதவனும் ஒரு பிடி போட்டிருப்பதால், வாங்கும்போது அவன் தலை குனிவதில்லை. இதைச் சொன்னால் நண்பர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

மதமாற்றம் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். பேசலாம். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் அந்தப் பேச்சை யாரும் சாதாரணமாக எடுப்பதில்லை. உதவியோடு கூடவே ஒரு தூண்டில் வந்த இடங்களை நானே பார்த்திருக்கிறேன். ஞாயிறு வராத வீட்டுக்கு அரிசிப் பை வராது, யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அது அசிங்கம். ஆனால் தேனீச் சங்கத்தில் பாட்டாவுக்குப் பக்கத்தில் நின்று தேன் அளந்தவர் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிறவர். அவர் பெட்டியில் கூட்டம் செத்தபோது பாட்டா ஒரு கூட்டத்தைப் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் நடந்தவை.

கடற்கரைப் பக்கம் போனால் இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. நான் கடற்கரைக்காரி இல்லை, கல்லூரித் தோழிகள் வழியாகத் தெரிந்துகொண்டது. கட்டுமரக்காரருக்குக் கரையில் இருந்த பிரச்சினை மீன் அல்ல, முன்பணம். மழைக்காலத்தில் வியாபாரியிடம் வாங்கினால் பிறகு பிடிக்கிற மீனெல்லாம் அவர் சொல்கிற விலைக்கு அவருக்கே. மீனவர் கரையேறும் முன்பே மீன் விற்கப்பட்டுவிட்ட மாதிரி. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் 1960-களில் ஆரம்பித்தது. திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டிலும் அதே காலத்தில் வேலை நடந்தது. அங்கெல்லாம் மெள்ள மெள்ள வந்த முடிவு, கரை ஏலத்தை மீனவர் சங்கமே நடத்த வேண்டும் என்பது. கடலுக்குப் போகிறவர்தான் உறுப்பினர், வியாபாரிக்கு இடமில்லை. விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, மிச்சம் கையில். மீன் நிறையப் பட்டால் கடனுக்கு நிறையக் கழிப்பார்கள், படாத நாளில் கழிக்க மாட்டார்கள். தவணை தேதி பார்க்கும் வங்கிக்கு இந்த எளிய விஷயம் ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். 1980-இல் இந்தச் சங்கங்களெல்லாம் சேர்ந்து சிஃப்ஸ் என்கிற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆனது.

முட்டத்தில் படகு கட்டும் இடமும் அப்படித்தான். பெரிய மரம் கிடைப்பது குறைந்துபோனதால் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் மாற்றாக ஒட்டுப்பலகையில் படகு செய்ய முயன்றார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பொறியாளரும் உள்ளூர் ஆசாரிகளும் மீனவர்களும். அலையடிக்கிற கரையில் இறக்கினால்தான் தெரியும், எது கவிழும் எது நிற்கும் என்று. செய்தது சரியில்லை என்றால் மீனவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், திரும்பப் பலகையை வெட்ட வேண்டும். வருஷக்கணக்கில் அப்படிப் போயிற்று. 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சல் கரையில் நன்கொடைப் படகுகள் வந்து குவிந்ததை நான் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு சின்னம். இழந்தவர்களுக்குக் கிடைத்தது, நல்லது. அதுவரை கடலுக்கே போகாத சிலருக்கும் கிடைத்தது என்று தோழியின் அப்பா கசப்போடு சொன்னார். கரையில் நின்று எண்ணுகிறவருக்குத் தெரிவது பேருக்கு எத்தனை படகு என்பதுதான் என்றார்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

பத்துப் பதினைந்து வருஷம் முன்னால், வெளிநாட்டு நன்கொடையில் நடந்த ஓர் அறக்கட்டளையில் நான் அறிக்கை எழுதுகிற வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கெட்டவர்கள் இல்லை, காலையில் ஜெபத்தோடு அலுவலகம் தொடங்கும், யாரும் காசு திருடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நாற்பது பெண்களுக்குத் தேன்பெட்டி கொடுப்பது என்று முடிவானது. ஆளுக்கு இரண்டு. மாமியும் அதில் ஒருத்தி. மாமா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நன்கொடையாளர்கள் ஆகஸ்டில் வருகிறார்கள், அதனால் விழா ஆகஸ்டில். நீலப் பெயிண்ட் அடித்து, முன்பக்கம் சின்னம் ஒட்டிய எண்பது பெட்டிகள் சமூகக்கூடத்தின் முன் வரிசையாக நின்றன. உள்ளே இரண்டு, மூன்று அடை மட்டும் பிடித்த சின்னக் கூட்டங்கள். ஒரு நாள் பயிற்சி. மதியம் பிரியாணி. புகைப்படம்.

ஆகஸ்டில் இங்கே மழை. ரப்பர் தளிர் முற்றி மாதங்கள் ஆகியிருக்கும், பூ கிடையாது, ஈ வெளியே போனாலும் வெறுங்கையோடு வரும். பெட்டிக்குச் சீனியும் தண்ணீரும் காய்ச்சி வாராவாரம் வைக்க வேண்டிய மாதம் அது. சின்ன வயதிலேயே எனக்குத் தெரிந்த விஷயம், பாட்டாவுக்கு நான்தான் சீனி கலக்கிக் கொடுப்பேன். ஆனால் கூட்டத்தில் கையைத் தூக்கி ஒன்றும் சொல்லவில்லை. திட்டத்தில் சீனிக்குப் பணம் ஒதுக்கவில்லை, திரும்பி வந்து பார்க்க ஆளும் இல்லை. பெண்கள் என்ன செய்வார்கள்? பிள்ளைக்கே சாயாவில் சீனி குறைத்துப் போடுகிற வீட்டில் ஈக்குப் போடு என்றால் யார் போடுவார்? பட்டினி கிடந்த கூட்டங்கள் ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. காலி அடையில் அந்துப்பூச்சி புழு வைத்து வலை பின்னியது. கிறிஸ்துமஸுக்குள் எண்பதில் பாதிக்கு மேல் காலி. ஒரு வீட்டில் அடைக்கோழி உட்கார்ந்திருந்தது, சின்னம் வெளியே தெரிகிற மாதிரி.

மார்ச்சில் அறிக்கை கேட்டார்கள். நாற்பது குடும்பங்கள் தற்சார்பை நோக்கி அடியெடுத்து வைத்தன என்று எழுதினேன். ஆகஸ்டில் எடுத்த படங்களைச் சேர்த்தேன். பொய் என்று சொல்ல முடியாது, அடியெடுத்து வைத்தார்கள்தான். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் மாமியின் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை, இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பாட்டாவுக்கும் பெட்டி காலியான காலம் உண்டு. 1991, 92-இல் தாய்லாந்துப் பை நோய் என்கிற வைரஸ் தென்னாட்டு அடுக்குத் தேனீயைத் துடைத்துப்போட்டது. பத்துக்கு ஒன்பது கூட்டம் போயிற்று. புழு, கூட்டுப்புழு ஆவதற்கு முன்பே செத்து, நீர் நிறைந்த சின்னப் பை மாதிரி ஆகிவிடும். ஊசிமுனையால் தூக்கினால் பை அப்படியே வரும். பாட்டாவின் முப்பத்திரண்டு பெட்டியில் மிஞ்சியது இரண்டு. அவர் ஒவ்வொரு நாளும் காலையில் காலிப் பெட்டிகளையும் திறந்து பார்த்து மூடுவார். நான் ஏன் என்று கேட்டேன். "பழக்கம் மக்கா" என்றார். ஆனால் மருந்தில்லாத அந்த நோய்க்குப் பிறகு, தாங்கி நின்ற அந்த இரண்டிலிருந்தும், தேனீ வளர்ப்போர் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கியதிலிருந்தும், மெள்ளப் பிரித்துப் பிரித்துப் பத்தாக ஆக்கிவிட்டுத்தான் இறந்தார். கையில் வித்தை இருந்தது, கூப்பிட்டால் வர ஆட்கள் இருந்தார்கள். எண்பது நீலப் பெட்டிக்கு அந்த இரண்டும் இல்லை.

மாமியின் இரண்டு பெட்டியில் ஒன்று பிழைத்தது. திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்து விளையில் ஓர் அண்ணாச்சி, பாட்டாவிடம் தொழில் கற்றவர், வேலி வழியாகப் பார்த்திருக்கிறார். "எம்மா, பெட்டிக்கு முன்னால ஈ செத்துக் கெடக்கே, பாத்தியா?" என்று ஆரம்பித்து, வியாழக்கிழமை தோறும் வந்து போயிருக்கிறார். முதல் மாதச் சீனி அவர் வாங்கியது. இரண்டாம் மாதம் மாமி. பிப்ரவரியில் முதல் சுற்றில் ஐந்து பாட்டில் தேன் கிடைத்தது. அதில் ஒன்றை அண்ணாச்சிக்குக் கொண்டுபோனால் வாங்க மாட்டேன் என்றாராம். "சீனிக் காசை மட்டும் குடு" என்றாராம். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருக்கிறது. வெறுமனே கொடுத்திருந்தால் மாமி கடன்பட்டவளாக இருந்திருப்பாள்.

இப்போது மாமியிடம் இருபத்திமூன்று பெட்டி. பணக்காரி ஆகிவிடவில்லை. நகை இன்னும் வங்கியில்தான், மகனுடைய கல்லூரிக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்துபோகும், பாட்டிலின் அடியில் கட்டியைப் பார்த்ததும் சென்னைக்காரர்கள் சீனி கலந்தது என்று திருப்பி அனுப்புகிறார்கள். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வாட்ஸப்பில் எல்லோரும் வாழ்த்துப் படம் போட்டோம். மாமி கேட்டது ஒரே கேள்வி: "கிலோவுக்கு எவ்வளவு கூடும்?"

பெட்டி கேட்டு இப்போது மாமியிடம் பெண்கள் வருகிறார்கள். சும்மா கொடுப்பதில்லை, காசுக்கும் கொடுப்பதில்லை. நம் பக்கத்தில் ஆட்டை வாரத்துக்கு விடுவோம் இல்லையா, அந்தக் கணக்கு. ஒரு கூட்டம் கொடுப்பாள். அடுத்த வருஷம் அதைப் பிரித்து ஒரு கூட்டம் திருப்பித் தர வேண்டும். அது செத்துப்போனால்? "செத்தா எனக்கும் நட்டம்தான, அதனால நானே போயிப் பாப்பேன்" என்றாள். சட்டென்று சொல்லிவிட்டு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தன்னார்வக் குழுக்களின் கருத்தரங்கு எத்தனையோ கேட்டவள் நான், இந்த வரியை எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அன்று ராத்திரி பதினைந்து பெட்டிகளைப் பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அங்கே தளிர் கொஞ்சம் பிந்தி விட்டிருக்கிறதாம், இரண்டு சுற்றுத் தேன் கூடக் கிடைக்கும். இருட்டி எல்லா ஈயும் உள்ளே அடைந்த பிறகுதான் வாசலை அடைக்க முடியும். மாமி வாழைநார் கட்டின பஞ்சை ஒவ்வொரு வாசலாகச் செருகிக்கொண்டே போனாள், நான் பின்னால் டார்ச் பிடித்தேன். அண்ணாச்சிக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல், திண்ணையில் உட்கார்ந்து "அந்த மூணாவதுக்குக் கயிறு போடலியே" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் நீலப் பெயிண்ட் உரிந்த ஒரு பெட்டி. சின்னம் இருந்த இடத்தில் பசை மட்டும். அதைத் தூக்கும்போது மாமி என்னைப் பார்த்தாளா என்று இருட்டில் தெரியவில்லை. காதை வைத்தால் உள்ளே கொதிக்கிற உலை மாதிரி சத்தம்.

மினி லாரி கிளம்பிய பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"ஜூலையில வருவியா?"

"ஜூலையில என்ன மாமி?"

"இருபத்திமூணு பெட்டிக்குச் சீனி காச்சணும். புதுசா குடுத்த அஞ்சு வீட்டுக்கும் போணும். எனக்கு முட்டு வலிக்கு."

வருகிறேன் என்றேன். மாமி அடுப்படிக்குப் போய்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, ஜூலைத் தாளைப் புரட்டி, பேனாவோடு என் கையில் கொடுத்தாள். "எந்த வியாழக்கிழமன்னு எழுது."